ஆக்ஸ்ஃபோர்டுக்கு நான் மட்டும் போய் வந்தேன்

என் ராசாவே,

உயிரோடு இருந்தவரை உங்களை இப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது யார் சிரிக்கப் போகிறார்கள்?

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் வந்துவிட்டேன். நம் செல்வி அங்கே நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து அந்த ஊர் வரலாற்றையே படித்துக்கொண்டிருந்தீர்களே. உங்கள் காரியம் முடிந்த மறுவாரம்தான் நம் இரண்டு பேருக்கும் விசா வந்தது. போக மாட்டேன் என்றேன். "அப்பா ஆசைப்பட்டதை நீயாச்சும் பாரும்மா" என்று செல்வி போனில் அழுதாள். போனேன்.

நீங்கள் சொன்னது சரிதான். கல்லெல்லாம் தேன் நிறம். தெருவிலிருந்து பார்த்தால் நெடுக மதில்தான் தெரிகிறது. அந்தக் காலத்தில் ஊர்க்காரர்களும் மாணவர்களும் வெட்டிக்கொண்டு செத்தார்களாம். அதனால்தான் நடுவில் முற்றம் விட்டு, கல்லூரிகளைக் கோட்டை மாதிரி சுற்றி அடைத்துக் கட்டினார்கள் என்பீர்கள். பெரிய கதவு, அதற்குள் குனிந்து நுழைய ஒரு சின்னக் கதவு.

செல்வி டியூட்டிக்குப் போயிருந்த ஒருநாள், தனியாக ஒரு கல்லூரிக்குள் நுழைந்தேன். கூரை விளிம்பில் கோணல் வாயும் பிதுங்கிய கண்ணுமாய்க் கல் முகங்கள். ஒன்று அச்சு அசல் ஆவடி ஃபேக்டரியில் உங்களைப் படுத்திய ஃபோர்மேன்! சிரித்துவிட்டேன். உங்களிடம் காட்டத் திரும்பினேன். பக்கத்தில் யாருமில்லை.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாதவள், அந்த முற்றத்துப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வாசல் காவலாளி வந்தார். துரத்தப் போகிறார் என்று பதறி எழுந்தேன். "அலோன்?" என்றார். "ஹஸ்பண்ட்" என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. மேலே கையைக் காட்டினேன். என்ன புரிந்ததோ, ஒரு நாற்காலியும் சூடாக டீயும் கொண்டுவந்து வைத்தார். நான் அழுது முடிக்கும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடாமல் நின்றார்.

செல்வி அங்கேயே இருந்துவிடச் சொன்னாள். மனசு கேட்கவில்லை, வந்துவிட்டேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் தனம், "இன்னாக்கா, அங்கியே தங்கிடுவேன்னு நெனச்சேன். ஊட்ல தனியா இன்னா பண்ணுவே?" என்றாள். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அம்பத்தூரில் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். எல்லாம் காலேஜ் பிள்ளைகள். "ஆன்ட்டி, இங்க வாங்க" என்று எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். அடுத்த கோடையில் மறுபடி போவேன். அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, நான் யாருக்காக அழுதேன், நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆள் என்று முழுசாகச் சொல்வேன். சத்தியம்.

உங்கள் மனைவி, செல்வியின் அம்மா,
சரோஜா