கஞ்சியில் விட்ட தீர்த்தம்

மஸ்கட்

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நலம். உனக்கும் பிள்ளைக்கும் அவரே காவலாக இருக்கட்டும்.

கட்டட வேலையில் சாரத்தில் சறுக்கிக் கால் லேசாக வீங்கியது, பயப்படாதே. வேலை போய்விடுமோ என்று மாதாவிடம்தான் துணை கேட்டேன். அன்றிலிருந்து பக்கத்துக் கட்டில் சம்மந்தம் தினமும் கஞ்சி கொண்டுவருகிறான். நம் பாகூர்க்காரன்தான். ஆனால் ஏசிக்கு நேரே இருக்கும் என் கட்டில்மேல் அவனுக்கு ஒரு கண். சும்மாவா கொடுப்பான்? எதையாவது கலந்திருப்பானோ என்று பயம். நீ கொடுத்தனுப்பிய வில்லியனூர் மாதா கோயில் தீர்த்தத்தை நாலு சொட்டு விட்டு, சிலுவை போட்டுத்தான் குடித்தேன். என்னவென்று கேட்டான். மருந்து என்றேன்.

நேற்று மறந்துபோய் அப்படியே குடிக்கப் போனேன். "இன்னாபா, மருந்து வுடாம குடிக்கிற?" என்று அவனே பாட்டிலை எடுத்து நீட்டினான்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு, இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி. கட்டிலை அவன் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவேன்.

உன்
லூர்துநாதன்