வரைபடத்தில் இல்லாத கம்மங்காடு

2094 ஐப்பசி 4, காலை 7.10
சூரங்கரிசல் தாவர எரிபொருள் மின்நிலையம். பதிவு: உயிரியலாளர் திலகராணி. மற்றவர்கள் மாற்றலாகிப் போனபின் நிலையத்தில் நான் ஒருத்திதான்.
கொதிகலன் சீர். மழை இல்லாததால் யானைநாணல் வரத்து குறைவு. அதை எரித்து எடுக்கும் மின்சாரத்தில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. நகரம் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

ஐப்பசி 9, மாலை 4.00
நிலத்திட்ட மையத்தின் புது வரைபடம் வந்தது. செயற்கைக்கோளின் கண்ணுக்குப் பச்சை தெரியாத நிலமெல்லாம் தரிசு. தரிசில் நாணல் நட வேண்டும். நடவு வண்டிகள் தாமே கிளம்பிவிடும்.
கிழக்கே உள்ள கம்மங்காடும் தரிசாம். தவறு. அது மழைக்குக் காத்திருக்கும் கரிசல். மையத்தில் இருக்கும் எட்வினை அழைத்தேன்.
"மேலருந்து பார்த்தா பச்சை இல்ல மேடம். நான் என்ன பண்ண? கார்த்திகை பிறக்குறதுக்குள்ள பச்சை தெரிஞ்சா தரிசுலருந்து எடுத்துடுறேன்."

ஐப்பசி 10, காலை 8.30
அந்தக் காட்டுக்காரர்கள் சார்பில் பேசும் சுடலைவடிவுக்கு வானொலியில் விஷயத்தைச் சொன்னேன். நாணல் வேர் பிடித்த மண்ணில் பிறகு கம்பு வராது. அது அவருக்கும் தெரியும்.
"பச்சை தெரியணும், அவ்ளோதான மேடம்? தெரிய வைக்கோம்."

ஐப்பசி 16, காலை 9.00
கோபுரத்திலிருந்து பார்த்தேன். தங்களுக்குக் குடிக்க அளந்து கொடுக்கும் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து விதைத்த சாலில் ஊற்றுகிறார்கள். ஒரு பெண் கடைசிக் கையளவைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். பிறகு அதையும் மண்ணில் விட்டாள்.
முளைப்பு: நன்று.

கார்த்திகை 1, காலை 7.00
வரைபடத்தில் கம்மங்காடு பச்சை. நடவு ரத்து.
"தப்பிச்சோம் மேடம். கம்பு முழங்காலுக்கு நிக்கி!" சுடலைவடிவின் குரல் வறண்டிருந்தது. ஆனாலும் சிரித்தார்.

கார்த்திகை 3, காலை 11.20
அறுவடை வண்டிகள் மூன்றும் கிழக்கே புறப்பட்டுவிட்டன. நான் அனுப்பவில்லை.
எட்வின்: "புதுத் திட்டத்துல உணவுப் பயிர்னு தனி வகையே இல்ல மேடம். எல்லைக்குள்ள பச்சையா இருந்தா எரிபொருள்தான். நேத்துதான் எனக்கே தெரியும். நிறுத்தச் சொல்லாதீங்க. உங்ககிட்ட நாணல் தீருது. தீர்ந்தா இங்க நகரத்துல குழாய்ல தண்ணி வராது. என் பிள்ளைக்கும் வராது."


11.50
நிறுத்தக் கட்டளை அனுப்பினேன். ஏற்கப்படவில்லை. மீண்டும் அனுப்பினேன். இல்லை.
ஆள் குறுக்கே நின்றால் வண்டி நிற்கும். அது மட்டும்தான் வழி. சுடலைவடிவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? கொதிகலனுக்கு நாணல் நாளைக் காலை வரைக்கும்தான் போதும்.

12.30
வானொலியில் சுடலைவடிவு: "ரெண்டு வண்டி நின்னுட்டு மேடம். மூணாவது வடக்கால போவுது. அங்க நிக்க ஆளு இல்ல. தண்ணி இல்லாம பாதிப் பேரு சுருண்டு கிடக்காவ."
வடக்கு வரப்பு நிலையத்துக்குப் பக்கம். ஓடினால் வண்டிக்கு முன்னால் போய்விடலாம். போனால் நகரத்துக்குத் தண்ணீர் நிற்கும். எட்வினின் பிள்ளைக்கு என்ன வயது என்றுகூட நான் கேட்கவில்லை. வண்டிச் சத்தம் இங்கேயே கேட்கிறது. இதைப் படிப்பவர்கள் யாராக இருந்தாலும், அது தரிசு இல்லை, அங்கே கம்பு

கார்த்திகை 4, காலை 6.40
தானியங்கிப் பதிவு. எரிபொருள் வரத்து இல்லை. கொதிகலன் அணைந்தது. நகரக் குடிநீர் நின்றது. ஊழியர் இருக்கையில் இல்லை.
அறுவடை வண்டிகள்: மூன்று. நிலை: எதிரே ஆட்கள். விலகும்வரை காத்திருக்கின்றன.