ஓடியவனின் முகம்

1932 ஜூலை 2, ஆம்பூர்
தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மழையில் நனைந்து வந்து இறங்கியது. காயவைக்க இடமில்லை. மத்தியானம் வேலூர் செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன். ஒரு கொலை வழக்கில் நான்கு அசெசர்களில் நானும் ஒருவனாம். சாட்சிகளைக் கேட்டுவிட்டு, குற்றவாளியா இல்லையா என்று ஜட்ஜ் துரைக்கு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். முதலாளி மக்பூல் அகமது சாயபுக்குப் பெருமை. “பத்து வருசமா நம்ம ஷாப்புல தோலுக்குத் தரம் பாக்குறீங்க ரத்தினசாமி. இப்ப துரைக்கும் பாத்துச் சொல்லுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 5
விலக்குக் கேட்டுப் போனேன். “நோவுன்னா டாக்டர் சர்டிபிகேட்டு கொண்டாங்க. இல்லாட்டி போய்த்தான் ஆவணும்” என்றார் கோர்ட்டுக் குமாஸ்தா. என்ன நோவு என்று எழுதித் தரச் சொல்வது?

ஜூலை 11, வேலூர்
வழக்கு ஒடுகத்தூர்ப் பக்கம். பெருமாள் என்கிற வாலிபனைப் பொழுது சாயும் நேரத்தில் வேர்க்கடலைக் கொல்லையில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கூண்டில் நிற்பவன் பக்கத்துக் கொல்லைக்காரன் கன்னியப்பன். வரப்புத் தகராறு இருந்ததாம். கண்ணால் கண்ட சாட்சி ஒன்றே ஒன்று: பெருமாளின் அக்கா.

ஜூலை 12
அவள் பெயர் கண்ணம்மாள். தாயில்லாத் தம்பியை இவள்தான் வளர்த்தாள். குரல் நடுங்கவில்லை. “ஓடுனான் சாமி. கன்னியப்பன்தான். மூஞ்ச நல்லாப் பாத்தேன்.”

எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். “அவன் எந்தப் பக்கம் ஓடினான்?”

“மலப் பக்கம்.”

“நீ எங்கிருந்து வந்தே?”

“ஊருலேர்ந்து.”

“அப்ப உனக்கு முதுகுதானே தெரிஞ்சிருக்கும்?”

கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “அவன்தான் சாமி. வேற யாரு இருக்கா, எந்தம்பிய வெட்ட?”

சர்க்கார் வக்கீல் எழுந்தார். கூடப்பிறந்தவள், தம்பியைக் கொன்றவனைத் தப்பவிட்டு வேறொருவனைக் காட்டிக் கொடுப்பாளா என்று கேட்டார். துரை தலையசைத்தார். பக்கத்திலிருந்த மூன்று அசெசர்களும் தலையசைத்தார்கள்.

நான் தலையசைக்கவில்லை.

ஜூலை 13
எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷமாக எங்கும் எழுதவில்லை.

பாலாற்று மணலில் என் தம்பி சிங்காரம் வெட்டுப்பட்டுக் கிடந்தான். ஒருவன் நாணலுக்குள் ஓடினான். நான் பார்த்தது முதுகு. வெறும் முதுகு. எங்கள் ஊர் வேலாயுதம் முந்தின வாரம்தான் சிங்காரத்தோடு கைகலந்திருந்தான். கோர்ட்டில், “ஓடினது வேலாயுதம்தான், முகத்தைப் பார்த்தேன்” என்றேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே முகம் தெரிந்தது — மீசை, தலைத்துண்டு, எல்லாம்.

ஆயுள் தண்டனை. வேலாயுதம் இதே ஊர் ஜெயிலில்தான் இருக்கிறான். அவன் பெண்சாதி கோவிந்தம்மாள் எங்கள் ஷாப்பில் பட்டை சுமக்கிறாள். தினமும் என்னைத் தாண்டித்தான் போகிறாள்.

அவனே செய்திருக்கவும் கூடும். அதுதான் பேஜார். செய்யவில்லை என்றும் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

கண்ணம்மாள் பொய் சொல்கிறாள் என்று நான் எப்படிச் சொல்வது? அவள் பொய் சொல்லவில்லையே. நானும் அன்றைக்கு அப்படித்தான் — இல்லை. சும்மா இரு. நீ சொன்னது பொய்.

ஜூலை 14
மூன்று பேரும் குற்றவாளி என்றார்கள். நான் மட்டும், கன்னியப்பன் குற்றவாளி அல்ல என்றேன். துரை காரணம் கேட்டார். மொழிபெயர்ப்பவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா உண்மையான ஆளைத் தப்பவிட மாட்டாள் என்பது சரிதான் ஐயா. ஆனால் உண்மையான ஆள் யாரென்று அவளுக்கே தெரியாதே. ஒரு முதுகைப் பார்த்தாள். அந்த முதுகுக்கு முகத்தை வைத்தது துக்கம்.”

“உனக்கெப்படித் தெரியும்?” என்று துரை கேட்டார்.

சொல்லியிருக்கலாம். அந்த இடம்தான். “அனுபவத்தில் தெரியும் ஐயா” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 16
முதுகைப் பார்த்த சாட்சியை வைத்துத் தண்டிக்க முடியாது என்று துரை மற்ற மூவர் அபிப்பிராயத்தை ஏற்கவில்லை. கன்னியப்பனுக்கு விடுதலை. அவன் அம்மா கோர்ட்டு வாசலிலேயே விழுந்து கும்பிட்டாள்.

புளியமரத்தடியில் கண்ணம்மாள் என்னை மறித்தாள். “உங்கூடப் பொறந்தவன வெட்டிப் போட்டிருந்தா தெரியும்யா உனக்கு. உனக்கு இன்னா தெரியும்?” சட்டையைப் பிடித்து உலுக்கினாள். சேவகன் வந்து இழுத்துப் போனான்.

கசங்கிய சட்டையோடே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஜூலை 20, ஆம்பூர்
கோவிந்தம்மாள் எதிரே வந்தாள். குடோனுக்குள் போய்விட்டேன்.

ஜூலை 24
என் சம்சாரம் தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “பொய்ச் சாட்சின்னு ஒங்களயே புடிச்சி உள்ள போட்டா நானும் புள்ளைங்களும் எங்க போறது? இன்னாத்துக்கு இப்ப அதக் கிளறுறீங்க?” என்று அழுதாள். அவள் கேட்பதில் தப்பில்லை.

ஜூலை 27
பட்டைக் குடோன் ஓரமாகக் கோவிந்தம்மாளை நிறுத்திச் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன் என்று. தலைச்சுமையை இறக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன்.

“பாக்கலன்னா பாக்கலன்னு சொல்றதுக்கு இன்னா?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

போகிறவள் திரும்பி நின்றாள். “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு.”

இத்தனை வருஷமும் என்னை “வாங்க, போங்க” என்று பேசியவள்.

ஆகஸ்ட் 9
வேலூர் வக்கீல் ஒருவர், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ளும் மனுவை வாசித்துக் காட்டினார். “இது போனா வேலாயுதத்துக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்கு என்ன ஆகும்னு சொல்லிடலாம்” என்றார். கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் ஷாப்புக்கு வந்து, என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். “எத்தினி நாளைக்கு?” என்று சாயபு கேட்டார்.

“கோர்ட்டுதாங்க சொல்லணும்” என்றேன்.