எந்த வாரேன்?

நவம்பர் 9, 2025, ஞாயிறு

அவரைக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்தேன். இவர் ஓர் ஐம்பது ரூபாய் நோட்டைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினார். பின்பக்கத்தில் இருக்கும் கல் தேரைக் காட்டி, "அம்மணி, இதை நேர்ல பாக்காமயே போய்ச் சேந்துருவனாட்ட இருக்குது" என்றார். ஹம்பிக்குப் போக வேண்டுமாம். விஜயநகர ராஜாக்கள் ஆண்ட ஊர், நம் முன்னோர் அங்கிருந்துதான் படையோடு கோயமுத்தூர்ப் பக்கம் வந்தார்களாம், இவர் வீட்டு ஆள் குதிரைப் படைத் தளபதியாம். எங்கள் சனத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் முன்னோர் தளபதிதான். அந்தப் படைக்குச் சோறு வடித்தவன் வம்சம் எங்கே போனதோ தெரியவில்லை.

முட்டி வலி, வேண்டாம் என்றேன். முட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கும் தெரியும். ஹம்பிக்கு ரயிலில் போனால் ஹொசபேட்டையில்தான் இறங்க வேண்டும். ஹொசபேட்டையில் என் தங்கை பங்காரு இருக்கிறாள். நாங்கள் பேசி ஏழு வருஷம் ஆகப் போகிறது.

நவம்பர் 12, புதன்

மகன் சாய்சரண் ஆபீசில் இருந்தபடியே டிக்கெட் போட்டுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ரத்து செய்யச் சொல்லவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஒரு தடவையாவது இதை எழுதிவிட வேண்டும்.

2019 ஜனவரி. அம்மா இந்த வீட்டில்தான், முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தாள். பங்காருவுக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "சரிங்க்கா, வாரேங்க்கா" என்றாள். நேராக அம்மாவிடம் போய், "பங்காரு வாராளாம்மா" என்றேன். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தலையணையை வாசல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். மூன்று நாள் வாசலையே பார்த்தாள். கேட் சத்தம் கேட்டால் போதும் — பால்காரர், கூரியர்காரர் — கண் அங்கே போகும். நாலாம் நாள் காலையில் போய்விட்டாள்.

பங்காரு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடியிருந்த சனத்தின் முன்னால் கேட்டேன்: "வாரேன்னு சொல்லிப்போட்டு வராமப் போனயே, உனக்கென்ன கல்லு மனசாடி?" அவள் பதிலே சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் கிளம்பிப் போனவள்தான்.

நான் கேட்டதில் என்ன தப்பு? தப்பில்லை என்றால் அவள் நம்பரை ஏன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்? என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பள்ளிக்கூடம் போகிறவரை அவளுக்கு ஜடை பின்னிவிட்டது நான்தான். ஒரு தடவை அக்கா என்று கூப்பிட்டால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

டிசம்பர் 4, வியாழன்

ஒப்புட்டு சுட்டேன், இருபது. தேங்காய்ப் பூரணம் வைத்த போளி. பங்காருவுக்கு அது என்றால் உயிர். "ரெண்டு பேருக்கு இருபதா?" என்றார் இவர். வழியில் பசிக்கும் என்றேன்.

டிசம்பர் 6, சனி, ஹம்பி

பெங்களூரில் வண்டி மாறி வந்து சேர்ந்தோம். எங்கு பார்த்தாலும் கல். ராஜா அரண்மனை இருந்த இடத்தில் அஸ்திவாரம் மட்டும். கடைவீதி இருந்த இடத்தில் தூண்கள் மட்டும். யானைக் கொட்டடி முழுசாக நிற்கிறது. குதிரைப் படைத் தளபதி வாரிசுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் எதைப் பார்த்தேன்? எதிரே வந்த ஐம்பது வயதுப் பெண்களை எல்லாம் பார்த்தேன். அவள் வீடு பதிமூன்று கிலோமீட்டர். போன் கையிலேயே இருந்தது. வியர்த்ததுதான் மிச்சம்.

சாயந்தரம் விரூபாட்சர் கோயில். ஊரே இடிந்து கிடக்கிறது, இங்கே மட்டும் பூசை நடக்கிறது, கூட்டமும் இருக்கிறது. பின்னால் ஓர் இருட்டறையில் சுவரைக் காட்டினார் கைடு. வெளியே நேராக நிற்கும் கோபுரம் அங்கே தலைகீழாக விழுந்திருந்தது. சின்ன ஓட்டை வழியாக வருவதால் அப்படியாம். பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால், "அக்கா."

பாதித் தலை நரைத்துவிட்டது என் பங்காருவுக்கு. "பாவா போன் பண்ணுனாருங்க்கா" என்றாள். அவளுடைய பாவா, என் வீட்டுக்காரர்தான், அந்தப் பக்கம் திரும்பி, ஒன்றும் இல்லாத சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்பத்தான் நடிப்பு!

டிசம்பர் 7, ஞாயிறு, திரும்பும் ரயிலில்

அவள் வீட்டில் காலைச் சாப்பாடு. அப்புறம் இருவரும் தனியாக உட்கார்ந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்னைய எப்பங்க்கா வரச் சொன்னீங்க? 'அம்மாளுக்குக் கொஞ்சம் சுகமில்ல, பசங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே, நீ சிரமப்படாதே கண்ணு'ன்னுதானுங்களே சொன்னீங்க?"

சொன்னேன்தான். எடுத்த எடுப்பில் 'உடனே கிளம்பு' என்று நம் பக்கத்தில் யார் சொல்வார்கள்? சிரமப்படாதே என்றால் புறப்படு என்று புரிய வேண்டாமா?

"நீ வாரேன்னயேடி!"

"போன வெக்கறப்ப வேற என்னங்க்கா சொல்லுவாங்க? போறேன்னா சொல்லுவாங்க?"

போகும்போது போறேன் என்று சொல்லக்கூடாது, வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுத் தெலுங்கில் 'வஸ்தா' என்றாலும் இதே கதைதான். எங்களை அப்படிப் பழக்கியதே அம்மாதான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடி?"

"அத்தன பேருக்கு முன்னால உங்கள எதுத்துப் பேசறதுங்களா?"

அப்புறம் கேட்டாள்: "அம்மா என்னையக் கேட்டாளுங்களா?"

மழுப்பியிருக்கலாம். முடியவில்லை. "நாந்தாண்டி நீ வாரேன்னு அவகிட்டச் சொன்னேன். மூணு நாளு வாசலையே பாத்துட்டிருந்தா."

எழுந்து சமையலறைக்குப் போனாள். ரொம்ப நேரம் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஒப்புட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ரயிலடிக்கு வந்தாள். வண்டி நகர்ந்தபோது வாரேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். ஜன்னல் கம்பியில் இருந்த என் விரல்மேல் கையை வைத்து எடுத்தாள்.

டிசம்பர் 25, வியாழன்

போன் இல்லை. தெரியாமல் இருந்தவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ? நான் இறக்கி வைத்த பாரத்தை அவள் சுமக்கிறாள். நானே போன் செய்யலாமா? என்ன சொல்லி?

ஜனவரி 18, 2026, ஞாயிறு

காலையில் போன். பங்காரு. ஒப்புட்டு அன்றைக்கே தீர்ந்துவிட்டது, டப்பா அவளிடமே இருக்கிறது என்றாள். குளிர் பற்றிப் பேசினாள். கடைசியில், "வெசாழக்கெழமை அம்மா திதிங்களே. சரிங்க்கா, வாரேங்க்கா."

சரி என்று சொல்லி வைத்துவிடத்தான் கை போனது. வைக்கவில்லை. "ஏண்டி, எந்த வாரேன்?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "வண்டியேறி வர்ற வாரேனுங்க்கா."

ஜனவரி 22, வியாழன்

விடிந்ததிலிருந்து முன்னறையில், அம்மா படுத்திருந்த அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கேட் சத்தம் கேட்டது. பால்காரர். மறுபடியும் கேட்டது. கூரியர். வாசலைப் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பதினொரு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அம்மா படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"வந்துட்டேம்மா" என்றாள்.