காறை எலும்பு

திருப்பதி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

கோதை வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

எலும்பை வைத்து ஆளை அடையாளம் சொல்லும் என் வேலையை நினைத்துப் பயப்படாதீர்கள். எலும்புகள் சண்டைக்கு வருவதில்லை. போன மாதம் மலைக்காட்டில் ஓர் இளைஞனின் எலும்புகள் கிடைத்தன. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு சிறுவயதில் முறிந்து கோணலாக ஒட்டியிருந்தது. நேற்று நகரியிலிருந்து வேதாச்சலம் என்ற நெசவாளி வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"சின்னதுல தறி மேல ஏறி உயுந்தாம்மா. எம்புள்ளதான்" என்றார். முன்பே அவர் ரத்தத்தை எடுத்து எலும்போடு ஒப்பிட்ட மரபணுப் பரிசோதனையும் அதையே சொல்லியிருந்தது. அவர் அழவில்லை. "நாலு வருசமா கதவத் தொறந்து வெச்சிக்கினே படுத்தேன். இனிமே தாப்பா போட்டுக்கலாம்."

எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது அப்பா.

அண்ணன் காணாமல் போய் ஒன்பது வருடமாகிறது. எலும்புகள் வரும் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அவனுடைய இடது முழங்கை முறிவைத்தான் முதலில் தேடுகிறேன்.

எலுமிச்சை ஊறுகாயும் என் பழைய போர்வையும் அனுப்புங்கள். பீரோவில் அண்ணன் கை எக்ஸ்ரே இருக்கும், அதையும் மடிக்காமல் வையுங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

நம் வாசல் கதவையும் தாழிட்டுப் படுங்கள் அப்பா. அண்ணன் வந்தால் தட்டுவான்.

உங்கள்
கோதை