காரியாபட்டிப் பந்தலில் ஜெர்மன் மெட்டு

பிப்ரவரி 3, 1963

சிவகாசியில் காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குத் தலைவலி. பிரஸ்ஸில் லேபிள் ஆர்டர் இன்னும் முடியவில்லை.

சாயங்காலம் லேபிள் குடோனில் ஒத்திகை. பாக்கியம் டீச்சர் ஆர்மோனியம், மாரியப்பன் நாயனம், சுப்பையா அண்ணன் தவில், நான் பிடில். போன வருசம் பிரஸ்ஸுக்கு மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் விட்டுப்போன சங்கீத நோட்டுத்தாளை வைத்து வாசிப்பு. பரோக் என்றார், அவர்கள் ஊரில் ரொம்பப் பழசாம். மிஷன் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்குத்தான் அந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரியும். ஒருவர் மெட்டைத் தொடங்க, அடுத்தவர் சற்றுத் தள்ளி அதே மெட்டைத் தொடங்கித் துரத்த வேண்டும். அடியில் அண்ணனின் ஆதிதாளம். நம்ப மாட்டார்கள், நன்றாகவே இருக்கிறது.

ஒரே தொல்லை. நடுவில் எல்லாரும் நிறுத்தி, கொஞ்சம் மௌனம். பிறகு பிடில் மட்டும். அந்த மௌனத்தில் அண்ணனின் கை சும்மா இருக்காது. பகலில் அவருக்கு விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடி கொளுத்திப் பார்க்கிற வேலை.

"சத்தம் நின்னா ஈரக்குலை நடுங்குது தம்பி. திரி அணைஞ்சுச்சா, உள்ள ஓடுதான்னு தெரியாம எப்பிடி நிக்கது?"

"இது வெடி இல்ல சுப்பையா, சங்கீதம்" என்றார் டீச்சர்.

"எதுன்னாலும் பத்தவச்சா வெடிக்கணும்ல டீச்சரம்மா!"

பிப்ரவரி 5

காரியாபட்டி. வருங்கால மாமனார் வீடு. பருத்தி, மிளகாய், இரண்டு கிணறு, பெரிய மீசை. கல்யாணத்துக்கு எங்கள் குழுதான் வாசிக்கும் என்றேன்.

"வாசிங்க மாப்ளே. முகூர்த்தத்துல ஏதாச்சும் பிசகுச்சு, அன்னைக்கே பிடிலப் பரண்ல போட்டுரணும். பெறகு எடுக்கப்படாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். எனக்கு வாயில் பூட்டே கிடையாது.

கிளம்பும்போது உள்ளறையில் ஒரு பெண் குரல்: "மாப்பிள்ளை பிடில் வாசிப்பாகளாம்ல. எதுக்கு, பிச்சைக்கா?" ஒரே சிரிப்பு. நான் கட்டிக்கொள்ளப்போகும் சௌந்தரத்தின் குரலாக இருக்கக் கூடாது. பிடில் இல்லாவிட்டால் நான் வெறும் லேபிள் குமாஸ்தா.

பிப்ரவரி 9

மணவறையில் உட்கார்ந்துகொண்டு பிடில் வாசிக்க முடியாது! இன்றுதான் உறைத்தது. கெட்டிக்காரன். என் பாகத்தையும் டீச்சரே ஆர்மோனியத்தில் வாசிப்பார். அண்ணனிடம் சத்தியம் வாங்கினேன்: ஐயர் சொன்னால்தான் கெட்டிமேளம்.

முடிவெட்டு. பனியன் இரண்டு. மோதிரம் விரலில் நுழைய மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 13

முடிந்தது கல்யாணம். எழுதக் கை கூசுகிறது.

பந்தல் நிறையக் கூட்டம். மெட்டு அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. தாலியைத் தேங்காய்மேல் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசி சொல்ல, மாமனார் தட்டோடு வரிசை வரிசையாகப் போனார். அப்போது அந்த மௌனம் வந்தது. டீச்சர் தொடங்க வேண்டும். பழக்கதோஷம், மணவறையிலிருந்த என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்கும் பழக்கதோஷம், இடது கையைத் தூக்கினேன். கையில் பிடில் எங்கே?

ஒரு சத்தமும் இல்லை. சுப்பையா அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவரைப் பொறுத்தவரை திரி அணைந்துவிட்டது.

கெட்டிமேளம்! பந்தல் அதிர அடித்துவிட்டார்.

பின்வரிசைக்கு என்ன தெரியும்? அட்சதை பறந்தது. அவ்வளவும் தாலித்தட்டோடு நடுப்பந்தலில் நின்ற மாமாவின் தலையில். மீசையெல்லாம் மஞ்சள் அரிசி. "கட்டியாச்சுப்பா, வாங்க பந்திக்கு!" பாதிக் கூட்டம் எழுந்து ஓடியது. மாமா எதிர்நீச்சல் போட்டு மேடைக்கு வருவதற்குள் அண்ணனும் மாரியப்பனும் மாயம்.

ஐயர் தாலியை என் கையில் கொடுத்தார். "கெட்டிமேளம்!" கொட்ட ஆளில்லை. யாரோ தும்மலுக்கு மூச்சிழுக்கிறார், அபசகுனம்!

"டீச்சரம்மா! என்னத்தையாச்சும் வாசிங்க!" மாமாவின் அலறல்.

டீச்சர் ஜெர்மன் மெட்டை முதலிலிருந்து பிடித்தார், பேய் வேகத்தில். கட்டினேன். நல்ல நேரம் தப்பவில்லை. அதனால் என்ன? சாப்பாட்டு இலையில் மாமா என்னிடம் சொன்னது ஒரே சொல்: "பரண்."

சௌந்தரம் தலை நிமிரவே இல்லை. தோள் குலுங்கியது. அழுகிறாள். நொறுங்கிப் போனேன்.

பிப்ரவரி 20

சிவகாசி. பிடில் பரணில், சாக்குக்குள். ஒரு வாரமாக இடது கை விரல்கள் வேட்டிக் கரையில் வாசிக்கின்றன.

மத்தியானம் அண்ணன் வாசலோடு நின்று, "தம்பி, மாமனார் இருக்காகளா?" நாளைக்குத்தான் வருகிறார் என்றேன். "அப்பச் சரி." உள்ளே வந்து இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனார்.

சௌந்தரத்திடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் அழுதாய் என்று.

"யாரு அழுதா? சிரிப்ப அடக்க மாட்டாம வயிறே புடிச்சுக்கிருச்சு. அப்பா மீசையப் பாத்தீகளா நீங்க?"

அப்படியானால் பிச்சைக்கா என்று கேட்டது?

"நாந்தான்." கொஞ்சமும் கூசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணுக்குக் கையை நீட்டினாள்.

வேண்டாம், எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"நீங்கதான குடுத்தீக? நானா குடுத்தேன்?" சாக்கை உதறினாள். இரண்டு பேரும் தும்மினோம். "என் கல்யாணத்துக்கு எல்லாரும் வாசிச்சாக, நீங்க ஒரு ஆளு வாசிக்கல. காலியாக் கெடந்துச்சே ஒரு எடம், அத வாசிங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுருதி சேர்த்தேன். பாதி மெட்டுப் போயிருக்கும், வாசலில் மாமாவின் குரல். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்! வில்லைத் தூக்கப் போனேன்.

"நிப்பாட்டாதீக" என்றாள். "நின்னாத்தான் வம்பு."

நிறுத்தவில்லை.