முழு ரத்தம்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒளிந்திருந்தேன். துறைமுக ரோட்டில் லாரி இடித்து, பக்கத்து வீட்டு அந்தோணி உள்ளே ரத்தம் கொட்டிக் கிடந்தான். நர்ஸ் வெளியே வந்து, “முழு ரத்தம் குடுக்க ஆள் வேணும்” என்றாள். என் உடம்பில் இருப்பது முழுவதையும் உறிஞ்சிவிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா கதவைத் தட்டினாள். “ஏங்க, வெளிய வாங்க. ஒரு பைதான் எடுப்பாவளாம். ரத்தத்துல உள்ள அணுவைத் தனியா, தண்ணியைத் தனியா பிரிக்காம அப்படியே ஏத்துதாவல்லா, அதுக்குத்தான் அந்தப் பேரு. அவன் சிந்துனதும் முழுசாத்தான?”

வெளியே வந்தேன். அந்தோணியின் தம்பி அந்த அழுகையிலும், “என்ன அண்ணாச்சி, உசுரு பத்திரமா இருக்கா?” என்றான்.

“ஏலே, ஒளிஞ்சவன்தாம்ல. திரும்பி வந்துட்டம்லா? ஊசியக் கொண்டாரச் சொல்லு!”

சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். நாளைக்குத் தெருவே சிரிக்கட்டும். நான் ஒளிந்ததைச் சொல்கிறவன் திரும்பி வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவன் வீட்டு வாசலுக்கே போய்ச் சண்டை போடுவேன். அந்தோணி சாயங்காலம் கண் திறந்துவிட்டான்.

விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த நர்ஸ், எனக்கே ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த ஒரு பை ரத்தம் கொடுத்தது ஸ்டெல்லா.